லீ என்ஃபீல்ட் நம்பர் 4: பூவரசங்கட்டையில் பாதி அளவு மாதிரி, இதுவரை

பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்ட் நம்பர் 4 ரைஃபிளின் மாதிரி முக்கால்வாசி முடிந்துவிட்டது. அசலின் நீளம் 1129 மில்லிமீட்டர், என்னுடையது 564. கட்டைகள் எல்லாம் பூவரசு. பேரல், அதாவது குழல், ஓர் அலுமினியத் தண்டு. கடைசல் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கினேன், உள்ளே துளை கிடையாது. அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கான பொருள் இது, சுடுவதற்கு வழியே இல்லை.

லீ என்ஃபீல்டுக்கு நம் ஊரில் த்ரீ நாட் த்ரீ என்று பெயர். அதைச் சொன்னால் போலீஸ்காரர் தோளில் பார்த்த துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். அது பெரும்பாலும் வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த பழைய நம்பர் 1 மார்க் 3. அதன் முன்முனையை ஒரு கனமான இரும்பு மூக்கு மூடியிருக்கும், பேரல் வெளியே தெரியாது. நம்பர் 4-ல் அந்த மூக்கை எடுத்துவிட்டார்கள். பேரல் நுனி சில அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பயோனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் குத்துக்கத்தி) நேராக அதன்மேலேயே மாட்டிக்கொள்ளும். கடைந்தெடுக்கச் சிரமமான ஒரு பெரிய பாகம் அப்படியே மிச்சம். தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டும், தோட்டாக்கள் இருக்கும் மேகசின் பெட்டியும் இரண்டிலும் ஜேம்ஸ் பாரிஸ் லீயின் யோசனைதான்: பத்து தோட்டா, கைப்பிடியை 60 டிகிரி திருப்பினாலே திறந்துகொள்ளும் போல்ட்.

அடிக்கட்டையில்தான் வேலையை ஆரம்பித்தேன். ஜெர்மனியின் மவுசர் போன்ற துப்பாக்கிகளில் பட், அதாவது தோளில் அணைக்கும் பின்கட்டை, அதிலிருந்து முன்பக்கம் வரை ஒரே நீளக் கட்டை. லீ என்ஃபீல்டில் பட் தனி, முன்கட்டை தனி, பேரலை மூடும் மேல்கட்டைகள் தனி. பட்டின் உள்ளே போகும் நீளமான ஒரு திருகாணி அதை உடற்பகுதியோடு (போல்ட் ஓடும் நடுப்பாகம்) இறுக்கிப் பிடிக்கிறது. செய்துபார்க்கும்போதுதான் இதன் அருமை கைக்குத் தெரிகிறது. சின்னக் கட்டைகள் போதும், எனக்கு மரக்கடைத் துண்டுகளே போதுமானதாக இருந்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நீளமான நல்ல மரத்துக்கு அலைய வேண்டியதில்லை. வால்நட் கிடைக்காதபோது பீச், பிர்ச் என்று கிடைத்ததை வைத்துச் செய்தார்கள். பின்கட்டையையே குட்டை, நடுத்தரம், நீளம் என்று அளவு மாற்றிச் சிப்பாயின் உடம்புக்குத் தக்கபடி பொருத்தினார்கள். மெருகுக்கு அவர்கள் பூசியது ஆளிவிதை எண்ணெய், நானும் அதையேதான் தேய்த்தேன். பூவரசின் வைரம் எண்ணெய் குடித்ததும் ஆழ்ந்த பழுப்பாக மாறியது. வார்னிஷ் பக்கமே போகாதீர்கள், அந்தப் பளபளப்பு இந்தத் துப்பாக்கிக்குச் சேராது.

உடற்பகுதிக்கு ரப்பர் மரத்துண்டு, மேலே மங்கலான கறுப்பு பெயின்ட். பழைய மார்க் 3-ன் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்பர் 4-ன் இடப்பக்கச் சுவர் எவ்வளவு தட்டை என்பது தெரியும். வளைவுகளும் பள்ளங்களும் போய் நேர்கோடுகளாக நிற்கிறது. எனக்கு அரமும் உப்புத்தாளும் போதுமாக இருந்தன. மில்லிங் மெஷின் முன்னால் நின்றவருக்கு ஒவ்வொரு நேர்கோடும் மிச்சமான நேரம்.

அந்த நேரம் அவர்களுக்கு எவ்வளவு தேவையாக இருந்தது! 1939-ல் இந்த ரைஃபிளை ஏற்றார்கள். அடுத்த வருஷம் பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை பின்வாங்கியபோது ஏராளமான ஆயுதங்கள் அங்கேயே போயின. 1940 நவம்பர் 19 இரவு பர்மிங்காமில் பி.எஸ்.ஏ. என்ற துப்பாக்கி நிறுவனத்தின் ஸ்மால் ஹீத் ஆலைமேல் குண்டு விழுந்து 53 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் ஷர்லி, மால்ட்பி, ஃபசாக்கர்லி என்று பிரிட்டனில் மூன்று இடங்களிலும், கனடாவில் டொரன்டோ அருகே லாங் பிராஞ்சிலும், அமெரிக்காவில் சாவேஜ் நிறுவனத்தின் சிக்கோப்பி ஃபால்ஸ் ஆலையிலும் உற்பத்தி நடந்தது. மொத்தம் 40 லட்சத்துக்கும் மேல். நம் வீடுகளில் தையல் மெஷினாக வந்த சிங்கர், ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் இதற்குப் பயோனெட் செய்தது. பழைய 17 அங்குல வாள் பயோனெட் போய், 8 அங்குலத்தில் வெறும் கூர்முனைக் கம்பி.

எதை விடலாம் என்று அவர்கள் எடுத்த முடிவுகள்தான் எனக்கு இந்தத் துப்பாக்கியில் மிகவும் பிடித்தவை. குறிபார்ப்பதற்கு 1300 கஜம் வரை திருகி அமைக்கும் நுட்பமான பின்பார்வைக்குப் பதில், 300 கஜத்துக்கு ஒன்று, 600-க்கு ஒன்று என இரண்டு ஓட்டைகளோடு எல் வடிவத் துண்டு. பேரலுக்குள் தோட்டாவைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் 5 இருந்த இடத்தில் பலவற்றில் 2 மட்டும். வட அமெரிக்காவில் செய்த மார்க் 1 ஸ்டார் வகையில், போல்ட்டைக் கழற்ற இருந்த தாழ்ப்பாளையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, போல்ட் தலை ஓடும் தடத்திலேயே ஒரு வெட்டு விட்டார்கள். அந்த வெட்டின் ஓரம் தேய்ந்தோ உடைந்தோ போனால் போல்ட் தலை தடம் விட்டுக் குதிக்கும் என்ற குறை உண்டு. தெரிந்தே கொடுத்த விலை அது. ஆனால் பேரலின் கனத்தைக் குறைக்கவில்லை; பழையதைவிடக் கூட்டினார்கள்.

போல்ட் தலை இன்னும் ஒரு படி மேல். தோட்டாவின் அடிப்பகுதிக்கும் போல்ட்டுக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளியை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அரம் போட்டுச் சரிசெய்ய ஆரம்பித்தால் தேர்ந்த கைவினைஞர் வேண்டும், நாளும் போகும். அதற்காக 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட நான்கு அளவுகளில் தலைகளைச் செய்து வைத்தார்கள். பொருந்துகிற தலையை எடுத்துத் திருகினால் வேலை முடிந்தது. அளவுக்கருவியைப் பிடிக்கப் பழகிய யாரும் செய்யலாம். என் மாதிரியிலும் போல்ட் தலையைத் தனியாகக் கழற்றும்படி பித்தளையில் செய்யச் சொல்லியிருக்கிறேன், பாதி அளவில் அதன் மரை மிகப் பொடியாக வருவதால் கடைசல்காரர் நேரம் கேட்டிருக்கிறார்.

மேகசின் பெட்டி தகரத்தில் மடித்துப் பற்றவைத்தாயிற்று. விசையும் அதன் காப்பு வளையமும் பொருத்தியாயிற்று. நம்பர் 4-ல் விசை அந்த வளையத்தோடு தொங்குகிறது, வளையமோ கட்டையோடு பிணைந்தது. ஈரத்தில் மரம் அசைந்தால் விசையின் இழுப்பும் மாறும். போருக்குப் பிறகு வந்த மார்க் 2-ல் விசையை உடற்பகுதியிலேயே தொங்கவிட்டுச் சரிசெய்தார்கள். நான் போர்க்கால வகையைச் செய்வதால் பழைய ஏற்பாட்டையே வைத்துக்கொண்டேன்.

இனி பட்டைவளையங்கள், காக்கி நாடா, அப்புறம் இடப்பக்கத்தில் எழுத்து. எந்த ஆலை என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை, மார்க் 1 ஸ்டார், லாங் பிராஞ்ச், 1943. எழுத்து வெட்டும் சின்ன உளியைத் தீட்டி வைத்திருக்கிறேன். பித்தளைத் தலை வந்ததும் மூடி ஒட்டுவதற்கு முன் போல்ட் தடத்தில் அந்த வெட்டைப் போடவேண்டும்.