டர்பன்: உள்ளே பென்சில் மட்டும்

ஜூன் 16ஆம் தேதி காலை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெஸ்ட்வில் மேடு ஏறிப் பல்கலைக்கழக வாசலில் போய் நின்றேன். காவலர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்றைக்கு லீவு" என்று சிரித்தார். எதற்கு லீவு என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. 1976இல் சொவேட்டோ பள்ளிப் பிள்ளைகள், வெள்ளை ஆட்சியாளர்களின் ஆப்பிரிகான்ஸ் மொழியில் பாடம் நடத்தாதே என்று தெருவில் இறங்கிச் சுடப்பட்ட நாள் அது. நாடே லீவு விட்டு நினைத்துப் பார்க்கும் நாளில், நிறவெறி எதிர்ப்புப் போராட்ட ஆவணங்களைப் பார்க்கிறேன் பேர்வழி என்று வந்திருக்கிறேன். மரத்திலிருந்த குரங்குகள் மட்டும் டியூட்டியில் இருந்தன.

சரி, நாளைக்கு வரலாம் என்று டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்துக்கே திரும்பினேன். அங்கே ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்தேன். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. அந்த ஊர் வழக்கப்படி நானும் 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட்டேன். காலையில் விளக்கேற்றும்போது தேவாரம் பாடுவார், ஒரு சொல் பிசகாது. அர்த்தம் கேட்டால், "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, எங்க அம்மா பாடுவாங்க" என்பார். பேச்சு முழுக்க ஆங்கிலம். நடுவில் 'சாமி', 'ரசம்', 'பாவம்' என்று தமிழ் தலை காட்டும்.

டர்பனுக்கு முன்னால் ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கியிருந்தேன். பிராம்ஃபான்டீன் கல்லறைத் தோட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாள் ஆசை. அவள் பெயர் தாங்கிய எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் மாளிகையில் புடவை வாங்கிய எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். அந்தப் பெண் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள், தில்லையாடி அவள் அம்மாவின் ஊர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மூன்று பவுண்டு வரியை எதிர்த்து 1913இல் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்தாள். இந்தியாவிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் வந்து, அது முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி கூலிக்கும் போகாமல் அங்கேயே தங்க நினைத்தவர்கள் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தலைவரி அது. அவள் போன ஐந்தே மாதத்தில் ரத்தானது. அதே கல்லறைத் தோட்டத்தில்தான் காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற நாகப்பனும் இருக்கிறான். 1909இல் சிறையிலிருந்து வெளியே வந்த ஒரு வாரத்துக்குள் நிமோனியாவில் போன இளைஞன். பக்கத்திலேயே விட்ஸ் பல்கலைக்கழகம். மண்டேலா மீதான ரிவோனியா வழக்கின் தாள்கள் உள்ள காப்பகம் அங்கேதான். எனக்கு நேரமில்லை. போனவர்கள் எழுதுங்கள்.

மறுநாள் வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காந்தி-லுதூலி ஆவண மையத்துக்குள் நுழைந்ததும் பேனாவைப் பையில் போடச் சொல்லி, கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தார்கள். மை சிந்தினால் போகாது, பென்சில் என்றால் அழித்துக்கொள்ளலாம். இந்தியர்களைத் தனியே ஒதுக்குவதற்கென்று நிறவெறி அரசு ஆரம்பித்த கல்லூரிதான் இந்த வளாகமாக வளர்ந்தது. அந்த அரசை எதிர்த்தவர்களின் தாள்கள் இன்று அதே கூரையின் கீழ் இருக்கின்றன.

முதலில் நான் தேடியது கப்பல் பட்டியலை. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல், நவம்பர் 16 அன்று டர்பனைத் தொட்டது. அன்று தொடங்கி 1911 வரை வந்த ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். இப்போது கணினியிலேயே தேடலாம். ஆனால் தமிழ்ப் பெயரை வெள்ளைக்கார குமாஸ்தாவின் காதில் விழுந்த மாதிரி தேட வேண்டும். முத்துசாமியை நான் எட்டு விதமாகத் தட்டிப் பார்த்தேன். முதலியார் மூட்லி ஆனதும் கவுண்டர் கோவெண்டர் ஆனதும் இப்படித்தான்.

அப்புறம் காந்தியின் பத்திரிகை 'இந்தியன் ஒப்பீனியன்'. 1903 ஜூனில் தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழி. 1906இல் தமிழும் இந்தியும் நின்றுபோயின. கூட்டம் கூட்டமாகச் சிறை சென்றவர்களில் தமிழர் எண்ணிக்கை தனியாகத் தெரிந்த ஆண்டுகள் அதற்குப் பிறகுதான் வந்தன என்பதை நினைத்தால் கொஞ்சம் வயிறெரிகிறது. தமிழ்ப் பத்திகளில் பழைய 'னா', 'ணை', கொம்பு வைத்த 'லை'. என் தாத்தா எழுத்து மாதிரியே இருந்தது.

அங்கே நான் அதிக நேரம் நினைத்துக்கொண்டிருந்தது ஃபிலிஸ் நாயுடுவை. 1928இல் பிறந்தவர், வழக்கறிஞர், நிறவெறி ஆட்சியை எதிர்த்தவர். தடையாணை, வீட்டுக்காவல், நாடு கடந்த வாழ்க்கை எல்லாம் பார்த்தவர். 1979இல் லெசோத்தோவில் அவர் இருந்த இடத்தில் பார்சல் குண்டு வெடித்தது, பிழைத்தார். 1989இல் மகன் ஒருவரை ஜாம்பியாவில் சுட்டுக் கொன்றார்கள். தூக்குமேடைக்குப் போனவர்களைப் பற்றித் தேடித் தேடி எழுதினார். 2013இல் இறந்தார். அவர் சேர்த்த தாள்கள் இந்த மையத்தில் இருக்கின்றன. குண்டு தேடி வரும் வீட்டில் உட்கார்ந்து ஒரு மனுஷி கடுதாசி சேர்த்து வைத்திருக்கிறார். நான் போன மாதத்துக் கரண்ட் பில்லைத் தொலைத்தவள்.

சேர்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது எரித்த கணக்கைப் பார்த்தால் புரியும். 1993இல், ஆட்சி கைமாறப்போகிறது என்று தெரிந்ததும், தேசிய உளவுத்துறையின் தலைமையகம் மட்டும் ஆறிலிருந்து எட்டு மாதத்தில் சுமார் 44 டன் ஆவணங்களை அழித்தது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கையில் இருக்கிறது. அரசு எரித்தது ஒரு பக்கம். 1950இல் வந்த கம்யூனிச ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு பயந்துபோய் ஜனங்களே அடுப்பில் போட்டது இன்னொரு பக்கம். அதற்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

நான் பார்த்த ஒரு கோப்பில் சருகு மாதிரி கார்பன் பிரதிகள். ஸ்டேப்ளர் பின் துருவேறி, தாளைச் சுற்றிலும் தின்றிருந்தது. செலோடேப் ஒட்டிய இடமெல்லாம் டீக்கறை நிறம். "வீட்டில் பழைய பேப்பர் இருந்தால் பின்னை எடுங்கள், டேப் ஒட்டாதீர்கள், தயவுசெய்து லேமினேட் பண்ணாதீர்கள்" என்றார் அங்கிருந்த பெண். சான்றிதழ் என்று எதைக் கண்டாலும் லேமினேட் பண்ண ஓடும் ஊரிலிருந்து போனவளுக்கு இது சுருக்கென்றது.

ராத்திரி சாப்பிடும்போது ஆன்ட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். மீன் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டவர், சட்டென்று அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். அவர் அப்பா முனிசிபாலிட்டி தொழிலாளி. மேகசின் பாரக்ஸ் என்ற குடியிருப்பில் இருந்தவர்கள். அறுபதுகளில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழு வாழிடச் சட்டத்தைக் காட்டிச் சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தப்பட்டவர்கள். 1946இல் அம்பிலோ சாலைப் பக்கம் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய நிலத்தில் கூடாரம் அடித்துக் கைதானவர்களில் அப்பாவும் ஒருவராம். 1946 முதல் 1948 வரை அந்தப் போராட்டத்தில் சிறை போனவர்கள் சுமார் இரண்டாயிரம் பேர்.

டின்னில் ஒரு கல்யாண போட்டோ, லேமினேட் செய்த அடையாள அட்டை (நான் வாயைத் திறக்கவில்லை), நான்காக மடித்த ஒரு துண்டுப் பிரசுரம். முன்பக்கம் டர்பனின் ரெட் ஸ்கொயர் திடலில் நடந்த பொதுக்கூட்டத்துக்கான அழைப்பு, ஆங்கிலத்தில். பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் தமிழ்.

"ஸ்பெஷல் பிராஞ்ச் போலீஸ் சோதனைக்கு வந்தப்போ அம்மா இதைக் கரி மூட்டைக்கு அடியில் வச்சுட்டாங்க. மத்ததெல்லாம் எரிச்சாச்சு. இதிலே அப்பா ஏதோ எழுதியிருக்காரே, எப்படி எரிக்கிறதுன்னு. எங்க வீட்டிலே யாருக்கும் படிக்கத் தெரியாது."

மடிப்பில் கிழியாமல் பிரித்து, விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். எழுத்து சாய்வாக, அழுத்தமாக இருந்தது. அரிசி இரண்டு மூட்டை. பந்தல் மூங்கில். வாழையிலை. மேளக்காரருக்கு ஒரு பவுண்டு. மஞ்சள், குங்குமம், வெற்றிலை.

ஆன்ட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் அப்படியே சொல்லிவிட்டேன். கல்யாணக் கணக்கு ஆன்ட்டி.

ஒரு நிமிஷம் பேச்சில்லை. பிறகு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். அது அவருடைய பெரிய அக்கா கல்யாணமாம். டின்னிலிருந்த போட்டோ அதுதான். சிறையிலிருந்து வந்த கையோடு அப்பா நடத்தி வைத்தது.

அந்தத் தாளை மையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்றேன். "அரிசிக் கணக்கையா யுனிவர்சிட்டியிலே வைப்பாங்க?" என்றார். வைப்பார்கள் என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கூட்டத்து நோட்டீஸ் வேறு யாரிடமாவது இருக்கும். ஜெயிலுக்குப் போய் வந்தவர் வாழையிலைக்கு என்ன கொடுத்தார் என்பது இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றார். நகல் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார், போனில் இரண்டு பக்கமும் எடுத்துக்கொண்டேன்.

டின்னை மூடப் போனவர் நிறுத்தி, "கடைசி வரி என்ன? அதுக்குக் கீழே கோடு போட்டிருக்காரே" என்றார்.

மீன்காரருக்குப் பாக்கி, இரண்டு ஷில்லிங்.

"கொடுத்தாரா இல்லையா?" என்று கேட்டார். வேறெங்காவது எழுதியிருக்கிறதா என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.