பதிவேட்டில் இல்லாத பெயர்கள்

எங்கள் பாடசாலையின் அபிவிருத்திச் சங்க நிருவாகக் குழுவை மாற்ற வேண்டும் என்று நாங்கள் சில தாய்மார் பேசத் தொடங்கியது பங்குனி மாதத்தில். பொதுக்கூட்டத்தில் மாற்றி முடித்தது ஐப்பசியில். இந்த ஏழு மாதங்களில் மூன்று மாதங்களை ஒரு பதிவேடு தின்றுவிட்டது. திருகோணமலையிலோ வேறு எங்கேனுமோ இதே முயற்சியில் இறங்க நினைக்கும் பெற்றாருக்கு அந்த மூன்று மாதங்களாவது மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெண் பிள்ளைகளின் மலசலகூடத்துக்கு நீர்த்தாங்கி வைப்பதற்கென்று எங்களிடம் இரண்டு தடவை பணம் சேர்த்தார்கள். தாங்கியும் வரவில்லை, கணக்கும் காட்டப்படவில்லை. எட்டாம் தரத்தில் படிக்கும் என் மகள் காலையில் நிரப்பிக்கொண்டு போகும் தண்ணீர்ப் போத்தல், பிற்பகலில் மூடி திறக்கப்படாமலே திரும்பி வரும். ஏழரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை ஒரு மிடறுகூடக் குடிக்காமல் இருப்பது ஏன் என்று கேட்டேன். “குடிச்சா ஒண்டுக்குப் போகவேணுமே அம்மா” என்றாள். அதற்குப் பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் நாங்கள் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பல ஊர்களில் பாடசாலைச் சபை உறுப்பினர்களை ஊர்மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். எங்கள் நாட்டில் அப்படித் தனித் தேர்தல் கிடையாது. அபிவிருத்திச் சங்கத்துக்கு அதிபரே பதவிவழித் தலைவர். செயலாளரையும் குழு உறுப்பினர்களையும் மாற்றுவதற்கு ஆண்டுப் பொதுக்கூட்டமே வழி. இதை அறியாமல், “முழுக் குழுவையும் உடனே கலைக்க வேண்டும்” என்று ஒரு மனு எழுதி, வீடு வீடாகப் போய்க் கையொப்பம் வாங்கினோம். சிலர் அதிபரையும் இடமாற்ற வேண்டும் என்று தங்கள் கைப்பட ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். இடமாற்றம் திணைக்களத்தின் அலுவல், எங்கள் வேலையன்று. அந்த ஒரு வரியினால் அதிபர் எங்களை எதிரிகளாக எண்ணத் தொடங்கினார்; அவருடைய மனத்தை மாற்றவே பல வாரங்கள் பிடித்தன.

மனுவை எடுத்துக்கொண்டு நகரிலுள்ள கல்வி அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். நான் வீட்டில் தையல் வேலை செய்பவள். நிலாவெளி வீதியில் பஸ்ஸுக்கு நின்று நகருக்குப் போய்த் திரும்பினால் அன்றைய உழைப்பு போய்விடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தபின் எழுதுவினைஞர் முதற்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, “இது அதிபர் ஊடாக வரவேணும் தங்கச்சி” என்று திருப்பித் தந்தார். அதிபர் தலைவராக இருக்கும் சங்கத்தைப் பற்றிய முறைப்பாட்டை அதிபர் ஊடாகவே எப்படி அனுப்புவது என்று கேட்டேன். அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார். பெற்றுக்கொண்டதாக ஒரு முத்திரைகூட இல்லாமல் வீடு திரும்பினேன்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர், எல்லோரும் ஐயா என்று அழைப்பவர், அன்று மாலை வழி சொன்னார். கடிதத்தை அதிபர் ஊடாகவே அனுப்புங்கள், அதே நாளில் இன்னொரு பிரதியை மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் நேரடியாக அனுப்பி, அப்படி அனுப்பியிருப்பதைக் கடிதத்தின் அடியிலும் எழுதுங்கள் என்றார். கேட்பதையும் ஒன்றாகச் சுருக்கச் சொன்னார்: பொதுக்கூட்டத்துக்குத் திகதி குறிக்க வேண்டும், அவ்வளவே. இரண்டாவது கடிதம் அரைப் பக்கம்தான் இருந்தது. அதற்குப் பதில் வந்தது. தபாற்கந்தோர் தரும் பற்றுச்சீட்டை மட்டும் யாரும் தொலைத்துவிடாதீர்கள்.

அடுத்து, சங்கத்தின் உறுப்பினர் பட்டியல். பொதுக்கூட்டத்தில் வாக்களிக்க உறுப்பினராக இருக்க வேண்டும். சந்தா செலுத்தியவரே உறுப்பினர். பட்டியலைக் காட்டுமாறு செயலாளரிடம் மூன்று தடவை வாய்மொழியாகக் கேட்டு அலுத்தபின், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். எதற்காகக் கேட்கிறோம் என்று அந்தச் சட்டப்படி காரணம் சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதை எழுத்தில் தர வேண்டும், 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். சனி, ஞாயிறு, போயா எல்லாம் கழித்தே இந்த நாட்களை எண்ண வேண்டும் என்பதை மறந்து, நாங்கள் கூட்டத் திகதியை மிகக் கிட்டக் கேட்டுவிட்டோம். விண்ணப்பத்தை முதலில் போட்டுவிட்டுத்தான் கூட்டத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

பட்டியல் கைக்கு வந்தபோது நெஞ்சு அடைத்துவிட்டது. 400 குடும்பங்களுக்கு மேல் உள்ள பாடசாலையில் 61 பெயர்கள் மட்டுமே இருந்தன. பிள்ளைகள் படித்து முடித்து வெளியேறியவர்கள் அதில் இருந்தார்கள். காலமாகி நான்கு ஆண்டு கடந்த ஒருவரும் இருந்தார். ஆண்டுதோறும் தவறாமல் சந்தா கட்டிய என் பெயர் இல்லை. வகுப்பாசிரியர்கள் சேர்த்துக் கொடுத்த பணம் செயலாளரிடம் போயிருக்கிறது, பெயர்கள் மட்டும் பதிவேட்டில் ஏறவில்லை. ஆகவே ஊரெல்லாம் எங்கள் பக்கம் நின்றாலும் மண்டபத்தில் கை உயர்த்தும் உரிமை எங்களில் பலருக்கு இருக்கவில்லை.

அன்றிரவே துணி வெட்டும் மேசைக்குக் கீழே இருந்த பிஸ்கட் பேணியைக் கவிழ்த்துத் தேடினேன். அளவுகள் எழுதிய துண்டுகளுக்கும் கரண்ட் பில்களுக்கும் நடுவில் இரண்டு பற்றுச்சீட்டுகள் கிடைத்தன: மஞ்சள் தாள், அழியத் தொடங்கிய காபன் எழுத்து, பாதி மட்டும் பதிந்த சங்க முத்திரை. அவற்றைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டு, இதுபோல் வைத்திருப்பவர்கள் வெளியே எடுங்கள் என்று எழுதினேன். இரண்டு வாரம் மாலை நேரங்களில் வீடு வீடாகவும், கரையிலுள்ள வாடிகளுக்கும் போனோம். சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்தும் சீட்டுகள் வந்தன. கிடைத்தவை 83. சீட்டே கிடைக்காதவர்களிடம் மறுபடியும் சந்தா கட்டச் சொல்வதைப்போல் கசப்பான வேலை வேறில்லை. “ஒருக்கா கட்டின காசை ஏன் திரும்பக் கட்டவேணும்?” என்று கேட்ட அக்காவுக்கு என்னிடம் நியாயமான பதில் இருக்கவில்லை. அவர் கட்டினார். நாட்கூலிக் குடும்பம் அது.

பொதுக்கூட்டம் முதற்தடவை ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வைக்கப்பட்டது. அறிவித்தல் முந்தின நாள்தான் பிள்ளைகளின் கையில் கிடைத்தது. கூலி வேலைக்குப் போவோரும் இரவெல்லாம் கடலில் கிடந்து விடியக் கரைக்கு வருவோரும் அந்த நேரத்துக்கு எப்படி வருவார்கள்? ஆள் போதாமல் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இம்முறை நாங்களே திகதி கேட்டோம். நிலவு காலத்தில் மீன்பாடு குறைவு, பலர் கடலுக்குப் போவதில்லை. ஆகவே பூரணையை அடுத்து வரும் சனிக்கிழமை பிற்பகலைக் கேட்டு, காரணத்தையும் எழுதிக் கொடுத்தோம். அதிபர் அதை உடனே ஏற்றுக்கொண்டார். உங்கள் ஊரின் தொழில் எந்த நாளில் ஓய்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லிக் கேளுங்கள்.

அன்று மண்டபத்தில் கதிரை போதாமல் தாய்மார் சுவரோரம் நின்றார்கள். செயலாளர் பழைய பட்டியலை வாசித்து, பெயர் இல்லாதோர் வெளியே போகலாம் என்றார். நான் எழுந்து, வகுப்பு வாரியாகக் கட்டியிருந்த பற்றுச்சீட்டுகளைத் தலைவரின் மேசையில் வைத்தேன். அதிபர் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து, முத்திரையையும் திகதியையும் பார்த்து, பெயர்களைத் தம் கையாலேயே பதிவேட்டில் எழுதினார். முக்கால் மணி நேரம் பிடித்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. அவர் அன்று நேர்மையாக நடந்தார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஒரு காயம் மட்டும் ஆறவில்லை. எங்களுக்கு வழிகாட்டிய ஐயாவைக் குழுவுக்குப் பிரேரித்தபோது, ஆமோதித்தவர் பதிவேட்டில் ஏறாத ஒருவர் என்று தெரியவந்து, அந்தப் பிரேரணை விழுந்துவிட்டது. நாங்கள் பதறி வேறொருவரைத் தேடுவதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். பிரேரிப்பவர் யார், ஆமோதிப்பவர் யார், அவர் வராவிட்டால் எழுந்து நிற்பவர் யார் என்று முதல்நாளே தாளில் எழுதி வையுங்கள். மற்ற இடங்களில் கை எண்ணியபோது, ஒன்பதில் ஆறு எங்களவர்களுக்குக் கிடைத்தன, செயலாளரும் மாறினார்.

வங்கியில்தான் இப்போது நிற்கிறோம். கணக்கில் கையொப்பமிடுவோரை மாற்றுவதற்குக் கூட்ட அறிக்கையின் பிரதி வேண்டும் என்றார்கள். கொண்டுபோனால், அதில் பழைய செயலாளரின் கையொப்பமும் வேண்டும் என்றார்கள். கூட்டம் முடிந்து எல்லோரும் மண்டபத்தில் நின்ற அந்த அரை மணி நேரத்திலேயே அதை வாங்கியிருக்கலாம். இப்போது அவர் மட்டக்களப்பில் மகள் வீட்டில் இருக்கிறார், வரும் செவ்வாய்க்கிழமை திரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். தாங்கிக்கு விலை கேட்டு வைத்துவிட்டோம். செவ்வாய் காலை அறிக்கையோடு அவர் வீட்டு வாசலில் நிற்பேன்.