டைனோ அறையில் முடியாத வேலை

பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக மாற்றியமைக்கப்பட்ட கார்களின் இன்ஜினை ட்யூன் செய்வது என் தொழில். வண்டியை எடுத்துச் செல்ல வருகிறவர்கள் முதலில் கேட்பது, இன்ஜினின் பவரை அளக்கும் டைனோ கருவி தரும் வரைபடத்தைத்தான். உச்ச பவர் எவ்வளவு, டார்க் என்ற முறுக்கு விசை எவ்வளவு, போன முறையைவிட எத்தனை கூடியிருக்கிறது என்று கோட்டின் மேல் விரல் வைத்துப் பார்ப்பார்கள். அந்த ஆவல் எனக்கு நன்றாகப் புரிகிறது. பணத்தையும் பல மாத உழைப்பையும் அந்த வண்டியில் கொட்டியவர்கள் அவர்கள். ஆனால் அந்த வளைகோடு பத்துப் பன்னிரண்டு விநாடி நீண்ட ஒரே ஓட்டத்தின் பதிவு. தடத்தில் ஓர் அமர்வு இருபது நிமிடம் வரை போகும். பன்னிரண்டு விநாடி தாங்கும் இன்ஜின் இருபது நிமிடமும் தாங்குமா என்பதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை. வேலையில் ஆண்டுகள் ஏற ஏற, என் கவனம் அந்தப் பதிலைத் தேடுவதிலேயே குவிந்துவிட்டது.

சாலையில் எவ்வளவு வேகமாக ஓட்டுகிறவரும் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்திருப்பது சில விநாடிகள்தான். பிறகு இன்ஜின் ஆறுவதற்கு நிறைய அவகாசம் கிடைத்துவிடும். தடத்தில் அது கிடையாது. முழு மிதி, பிரேக், வளைவு, மறுபடி முழு மிதி. ஆயில், கூலன்ட், உள்ளே போகும் காற்று, பிஸ்டனின் தலை, எக்ஸாஸ்ட் குழாய் எல்லாம் சூடேறும். ஒவ்வொன்றும் சூடேறும் வேகம் வேறு. கூலன்ட் சீக்கிரமே ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடும். ஆயில் அதற்குப் பிறகும் நெடுநேரம் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் கூலன்ட் முள்ளை மட்டும் பார்த்து ஓட்டுகிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். டைனோ அறையிலோ பானெட் திறந்திருக்கும், முன்னால் பெரிய விசிறி சுழலும். அந்த விசிறிக் காற்று மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ரேடியேட்டரில் மோதும் காற்றுக்கு ஈடாகாது. மூடிய பானெட்டுக்குள் தேங்கும் சூடும் அங்கே கிடையாது. அங்கே பார்க்கும் வெப்பநிலைகளை இறுதியானவை என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

இதற்காக டைனோவைக் குறைத்துச் சொல்லவில்லை. சுமையைப் பிடித்து நிறுத்தக்கூடிய நல்ல டைனோ இல்லாமல் என்னால் வேலையே தொடங்க முடியாது. இன்ஜினை 3000 ஆர்பிஎம்மில் நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரைப் படிப்படியாகத் திறந்து, இன்ஜினை இயக்கும் கணினியான ஈசியூவின் அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்தையும் நிதானமாக நிரப்ப அங்கேதான் முடியும். இக்னிஷன் டைமிங்கை அங்கேதான் தேடுகிறோம். ஸ்பார்க் பற்றிய உடனே எரிபொருள் முழுதும் எரிந்துவிடுவதில்லை. எரிய நேரம் எடுக்கும். அதனால் பிஸ்டன் மேல் எல்லையை எட்டும் முன்பே ஸ்பார்க் கொடுக்கிறோம். சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தைத் தொடுவது, கிராங்க் ஷாஃப்ட் மேல் எல்லையைத் தாண்டிச் சுமார் 15 டிகிரி சுழன்ற இடத்தில் அமைந்தால் அதிகபட்ச டார்க் கிடைக்கும். டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக முன்னால் கொண்டுபோகும்போது முதலில் டார்க் தாராளமாகக் கூடும், பிறகு கொஞ்சமாகக் கூடும், பிறகு கூடுவதே நின்றுவிடும். காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் டர்போ இல்லாத இன்ஜினில் அந்தத் தட்டையான பகுதியைக் கண்ணால் பார்க்கலாம். அங்கே கடைசி இரண்டு டிகிரி தருவது அநேகமாக ஒன்றுமில்லை, சிலிண்டர் அழுத்தம் மட்டும் ஏறும். அந்த இரண்டு டிகிரியை நான் யோசிக்காமல் விட்டுக்கொடுத்துவிடுவேன்.

டர்போ இன்ஜினில் கதை வேறு. அந்தத் தட்டையான பகுதிக்குப் போய்ச் சேரும் முன்பே நாக்கிங் வந்து வழிமறிக்கும். ஸ்பார்க்கிலிருந்து பரவும் தீ வந்து சேரும் முன்பே, மூலையில் அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் ஆளான மீதிக் கலவை தானாகப் பற்றிக்கொள்வதுதான் நாக்கிங். அப்போது எழும் அழுத்த அலையின் ஓசை சிலிண்டரின் விட்டத்தைப் பொறுத்தது. 86 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் அது 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸுக்குள் வரும். நாக் சென்சாரின் எண்களைப் பார்ப்பதோடு, சிலிண்டர் பிளாக்கில் மைக் பொருத்தி ஹெட்போனில் கேட்பதும் எனக்கு வழக்கம். வால்வுகளின் ஓசையும் இன்ஜெக்டர்களின் ஓசையும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது, நடுவே தகர டப்பாவுக்குள் கூழாங்கல் மோதியதைப்போல ஓர் ஒலி தனியாகத் தெறிக்கும். சென்சார் வேறு ஏதோ அதிர்வை நாக்கிங் என்று நினைத்து அலறும் நேரங்களும் உண்டு. காதுக்கு அந்த வேறுபாடு பழகிவிடும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

நாக்கிங்கை அடக்க மனிதர்கள் போன தூரம் அதிகம். டெட்ராஎத்தில் ஈயத்தைப் பெட்ரோலில் கலந்தால் நாக்கிங் அடங்குகிறது என்பதை 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். அந்த ஈயம் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் ரத்தத்தில் சேர்ந்தது. சாலைக் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் நிறுத்தப்பட்டது 2021-இல். சரியாக நூறு ஆண்டுகள். எரிபொருள் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஆக்டேன் எண்ணை எரிபொருள் பம்பில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நூறு ஆண்டுகள் நினைவுக்கு வருகின்றன.

ஆக்டேன் எண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகின் பல பகுதிகளில் பம்பில் எழுதியிருப்பது ரான் முறையில் அளந்த எண். அமெரிக்காவில் எழுதியிருப்பது, ரானையும் அதைவிடக் கடுமையான இன்னொரு சோதனையின் எண்ணையும் சேர்த்த ஏகேஐ என்ற சராசரி எண். ஒரே எரிபொருள் ரான் முறையில் 98 என்றால் ஏகேஐ முறையில் ஏறத்தாழ 93. 93 ஏகேஐ எரிபொருளுக்காக எழுதிய மேப்பை, அதாவது ஈசியூ அட்டவணைகளை, எங்கிருந்தோ பெற்று வண்டியில் ஏற்றிவிட்டு, 95 ரான் பெட்ரோலை நிரப்பி, 'தேவைக்கு மேலேயே போட்டிருக்கிறேன்' என்று நம்பி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அவர்கள் தேவைக்குக் கீழேதான் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ கார் ஒன்று. வலுவான ஃபோர்ஜ்டு பிஸ்டன், பெரிய டர்போ, அந்த டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தமாக 1.5 பார் பூஸ்ட் என்று எல்லாம் கவனமாகச் சேர்க்கப்பட்ட வண்டி. வேறிடத்தில் ட்யூன் செய்யப்பட்டு வந்திருந்தது. உரிமையாளரின் குறை எளிமையானது: முதல் இரண்டு சுற்று வண்டி பறக்கிறது, நான்காவது சுற்றுக்குப் பிறகு இழுவை போய்விடுகிறது. டேட்டா லாக்கரின் பதிவைத் திறந்தவுடன் காரணம் தெரிந்தது. தொடக்கத்தில் 38 டிகிரியாக இருந்த உள்காற்றின் வெப்பநிலை, நான்காவது சுற்றில் 68 டிகிரிக்குப் போயிருந்தது. அதைக் கண்ட ஈசியூ டைமிங்கை ஐந்து டிகிரி பின்னால் இழுத்திருந்தது. உரிமையாளர், "அந்தத் திருத்த அட்டவணையை எடுத்துவிடுங்கள், பவர் திரும்ப வந்துவிடும் இல்லையா?" என்று கேட்டார். எடுத்தால் ஒரு சுற்றுக்கு வரும் என்றேன்.

அவரை உட்காரவைத்துக் கணக்கைக் காட்டினேன். அழுத்தம் மாறாமல் காற்று 38 டிகிரியிலிருந்து 68 டிகிரிக்குச் சூடானால் அதன் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். பூஸ்ட் மானியில் அதே 1.5 இருக்கும், சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜனோ குறைந்திருக்கும். சூடான காற்று நாக்கிங்குக்கும் எளிதில் இடம் கொடுக்கும். டைமிங் பின்னால் போனால் எரிதல் தாமதமாகி, எக்ஸாஸ்ட் வாயு இன்னும் சூடாக வெளியேறும். அந்தச் சூடு டர்போவைச் சுற்றியே தங்கும். ஆக, ஈசியூ செய்தது சரியான காரியம். அது செய்திராவிட்டால் அந்த வண்டி என்னிடம் கயிறு கட்டி இழுத்துவரப்பட்டிருக்கும். கோளாறு அதற்கு முந்தைய இடத்தில் இருந்தது. அந்த டர்போவுக்கு 6000 ஆர்பிஎம்முக்கு மேல் 1.5 பார் என்பது அதன் திறனுக்கு அப்பாற்பட்ட வேலை. அங்கே அது காற்றை அழுத்துவதைவிடச் சூடாக்குவதையே அதிகம் செய்துகொண்டிருந்தது. டர்போவிலிருந்து வரும் காற்றை ஆற்றும் இன்டர்கூலரும் பெரியதுதான். ஆனால் முன்பக்கக் கிரில்லுக்கும் அதற்கும் நடுவே விரல்கள் நுழையும் இடைவெளி. காற்று சுலபமான வழியைப் பார்த்து ஓரமாகப் போய்விடுகிறது.

அலுமினியத் தகடு வெட்டி இடைவெளிகளை அடைத்தோம். மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட்டை 1.3 பாருக்கு இறக்கினேன். டைனோவில் உச்ச பவர் இருபது குதிரைத்திறன் குறைந்தது. அந்தத் தாளைக் கொடுத்தபோது உரிமையாளரின் முகம் வாடியதை மறைக்க அவர் முயலவில்லை. அடுத்த டிராக் டேயின் பதிவு வந்தது. எட்டாவது சுற்றில் நேர்ப்பாதையின் முடிவில் வண்டி எட்டிய வேகம் இரண்டாவது சுற்றின் வேகத்தோடு ஒட்டி நின்றது. உள்காற்று 50 டிகிரியைத் தாண்டவில்லை. பதிவோடு அவர் எழுதியிருந்தது ஒரே வரி: பிரேக் போடும் இடத்தை இனி சுற்றுக்குச் சுற்று மாற்ற வேண்டியதில்லை. வண்டி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் ஓட்டுகிறவரால் தன் ஓட்டத்தைத் திருத்திக்கொள்ள முடியும் என்பதை அந்த வரிக்குப் பிறகு நானும் அழுத்திச் சொல்லத் தொடங்கினேன்.

ஆயில் அழுத்தம் இன்னொரு தீராத கவலை. பழைய மெக்கானிக்குகள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள்: ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ. துல்லியமான விதியில்லை, ஆனாலும் கை கொடுக்கும். சாலை டயரை எடுத்துவிட்டுப் பிடிமானம் மிகுந்த செமி-ஸ்லிக் டயர் போட்டவுடன் நீண்ட வளைவுகளில் பக்கவாட்டு விசை ஒரு 'ஜி'யை, அதாவது வண்டியின் எடைக்கு ஈடான விசையை, தாண்டிவிடுகிறது. இன்ஜினின் அடியில் இருக்கும் சம்ப் என்ற தொட்டியில் உள்ள ஆயில் முழுதும் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கும். உறிஞ்சும் குழாய்க்குக் கிடைப்பது காற்று. டாஷ்போர்டின் ஆயில் விளக்கு மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் எரியும் என்பதால் அது ஒன்றும் சொல்லாது. டயரை மாற்றுவதற்கு முன்னால் சம்பைப் பற்றிப் பேசுங்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான். இந்த வீழ்ச்சி சில சமயம் அரை விநாடிதான் நீடிக்கும். விநாடிக்கு ஒரு முறை பதியும் லாக்கரில் அது தெரியாமலேயே போகலாம். நான் ஆயில் அழுத்தத்தை விநாடிக்கு ஐம்பது முறையாவது பதியவைக்கிறேன்.

தடுப்புத் தகடுகள் உள்ள சம்ப், ஆயிலை அழுத்தத்தோடு சேமித்து வைக்கும் கலன், கடைசியாக ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் என்று தீர்வுகள் உண்டு. எல்லாம் ஸ்பேனர் பிடித்துச் செய்யும் வேலைகள், மென்பொருளால் ஆயிலை ஊற்ற முடியாது. ஆனால் இன்ஜினை நிறுத்த முடியும். ஆர்பிஎம்முக்கு ஏற்ற குறைந்தபட்ச அழுத்தத்தை அட்டவணையாக எழுதி, அதற்குக் கீழே போனால் ஈசியூ உடனே இன்ஜினை வெட்டிவிடும்படி செய்துவிடுகிறேன். கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து அது திடீரென மெலிந்தாலும் அப்படியே. பெட்ரோல் கால் டாங்கில் இருக்கும்போது வளைவில் பம்ப் காற்றை இழுத்து, முழு பூஸ்ட்டில் கலவை மெலிவது ஆயில் வீழ்ச்சிக்குச் சற்றும் குறையாத ஆபத்து. டர்போ இன்ஜினுக்கு முழுச் சுமையில், காற்று-பெட்ரோல் விகிதத்தைச் சொல்லும் லாம்டாவை 0.80-ஐ ஒட்டி வைக்கிறேன், பெட்ரோல் முழுதும் எரியத் தேவையான 14.7 விகிதத்தை 1 என்று கொண்டு பார்த்தால் ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பன்னிரண்டுக்கும் குறைவான பங்கு காற்று. அதற்கும் மேல் பெட்ரோலை வார்த்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் உண்டு. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். அது வேறொரு வழியில் இன்ஜினைத் தின்னும்.

ஓட்டுகிறவரின் கால் உணரும் விஷயத்துக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை பல பட்டறைகளில் கிடைப்பதில்லை. 7000-இல் கியர் மாற்றினால் முள் 5200-இல் வந்து விழுகிறது என்றால், தடத்தில் அந்த இன்ஜின் வாழ்வது பெரும்பாலும் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான். உச்சப் புள்ளியை மறந்துவிட்டு, அந்த எல்லைக்குள் வளைகோட்டின் கீழே இருக்கும் பரப்பைக் கூட்டப் பார்க்கிறேன். வளைவிலிருந்து வெளியேறும்போது அரை மிதியில் டர்போ திடீரென்று விழித்துக்கொண்டால் பின்சக்கரம் நழுவும். கால் கேட்கும் அளவுக்கே டார்க் வரும்படி பூஸ்ட்டையும் பெடல் மேப்பையும் இணக்கமாக்குவதற்கு, முழு மிதி அட்டவணையைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கிறது. வரைபடத்தில் இந்த வேலையைக் காட்ட வழியில்லை. தடத்தில் ஒரு மணி நேரம் ஓட்டியவருக்கு வரைபடம் தேவையும் இல்லை.

இப்போதெல்லாம் வண்டியை ஒப்படைக்கும்போது டைனோ தாளோடு கையால் எழுதிய இன்னொரு தாளையும் கொடுக்கிறேன். முதல் அமர்வில் ஐந்து சுற்றுக்கு மேல் வேண்டாம். ஆயில் 130 டிகிரியை நெருங்கினால் வேகத்தைக் குறைக்கவும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி எல்லாவற்றையும் ஆறவிட்டு உள்ளே வரவும். அமர்வுக்கு அமர்வு ஆயில் அளவைப் பார்க்கவும். மாலையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வெளிச்சத்தில் பார்க்கவும். வெள்ளைப் பீங்கானில் மினுக்கும் அலுமினியத் துகள்கள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்தது, வண்டியை டிரெய்லரில் ஏற்றிவிடவும். பதிவு முழுவதையும், குறிப்பாகக் கடைசி அமர்வின் பதிவை, எனக்கு அனுப்பவும். அதைப் பார்த்து மேப்பைத் திருத்துவதற்கான உழைப்பை முதல் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகிறேன். தனியாகக் கேட்டால் பலர் அனுப்புவதில்லை.