500 எம்எம் லென்ஸ் வாங்கலாமா? வேடந்தாங்கலில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன்

இரண்டு வருடமாக என் நிக்கான் டி5600 கேமராவில் ஏஎஃப்-பி 70-300 எம்எம் லென்ஸ்தான். நானூறு கிராம் சொச்சம், கழுத்தில் தொங்குவதே தெரியாது. ஆனால் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று, தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் இருக்கும் மஞ்சள் மூக்கு நாரையை எடுத்தால் எள்ளளவுதான் விழும். வீட்டில் வந்து க்ராப் பண்ணினால் இறகு இருக்க வேண்டிய இடத்தில் மாவு அப்பின மாதிரி இருக்கும். லென்ஸ்தான் குறை என்று முடிவே கட்டிவிட்டேன்.

போன வாரம், தூரத்தில் இருப்பதை இன்னும் பெரிதாக இழுத்துக் காட்டும் 200-500 எஃப்5.6 லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, நண்பரின் பைக்கில் விடியலிலேயே கிளம்பிப் போனோம். 2.3 கிலோ! அரை மணி நேரம் கையில் பிடித்ததும் இடது கை தந்தியடித்தது. காலை ஏழுக்கு ஒரே கூட்டை, நின்ற இடம் மாறாமல், முதலில் 300-லும் உடனே 500-லும் எடுத்தேன். கணக்குப்படி பறவை அடைக்கும் பரப்பு சுமார் 2.8 மடங்கு, திரையில் பார்த்தபோது தாய் கூட்டில் கக்கிப் போட்ட மீன்கூட மீனாகத் தெரிந்தது. மனசுக்குள் அப்போதே பணம் கட்டியாயிற்று.

பத்து மணிக்கு மேல்தான் வினை. வெயில் ஏறித் தண்ணீருக்கு மேல் கானல் ஆட ஆரம்பித்ததும் 500-இல் எடுத்த படமும் குழைந்துதான் வந்தது, கொஞ்சம் பெரிய குழைசல், அவ்வளவே.

வீட்டுக்கு வந்து பழைய படங்களை நேரம் பார்த்துப் பிரித்தால், முக்கால்வாசி பத்து மணிக்குப் பிறகு எடுத்தவை. பஸ் பிடித்துப் போய்ச் சேரவே அந்த நேரம் ஆகிவிடும், வேறென்ன. பறக்கும் நாரைக்கெல்லாம் ஷட்டர் வேகம் 1/400 நொடிதான் வைத்திருக்கிறேன், ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்; ஏற்றினால் படத்தில் புள்ளி விழும்) ஏற்றப் பயந்து! லென்ஸில் இருக்கும் விஆர் என்ற வசதி நம் கை நடுக்கத்தைத் தாங்கும், நாரையின் சிறகடிப்பை அது என்ன செய்யும்? அன்று காலையில் நண்பர் பிடுங்காத குறையாக 1/1600-க்கு மாற்றிக் கொடுத்தபின், கரைக்கு மேலே தாழப் பறந்தவை இதே 70-300-லேயே இறகு இறகாக விழுந்திருக்கின்றன.

ஆக, கூட்டுக்கு 500 வேண்டும், பறப்பதற்கு இருப்பதே போதும். அடுத்த இரண்டு சனிக்கிழமைகளுக்கு முதல் நாள் இரவே செங்கல்பட்டில் அறை சொல்லிவிட்டேன். பழைய 200-500 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மார்ச் வரை பொறுங்கள் என்று விற்கிறவரிடம் கேட்டேன், சிரிக்கிறார்.