ஜவ்வரிசி அவ்ளோ வெள்ளையா இருக்கணுமா?

கடைல ரெண்டு மூட்டை ஜவ்வரிசி பக்கத்து பக்கத்துல திறந்து வெச்சிருந்தா பளீர்னு இருக்கறத தான் எல்லாரும் அள்ளச் சொல்றாங்க. நம்ம சேலம் மாவட்டத்துல ஆத்தூர், கெங்கவல்லி பக்கம் போனா ரோட்டோரம் பூரா குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காடு, மில்லு களத்துல ஜவ்வரிசி காயறத பஸ் ஜன்னல்லயே பாக்கலாம், அப்படிப்பட்ட ஊர்க்காரங்க நாமளே வெள்ளையா இருந்தா தான் ஒசத்தினு நெனைக்கறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்குங்க.

கெமிக்கல் போடாத ஜவ்வரிசி கொஞ்சம் மங்கலா தான் இருக்கும். கிழங்க தோல் சீவி அரைச்சு, பால வடிகட்டி, தொட்டில தெளிய விட்டு, அடில படியற மாவ எடுத்து குலுக்கி குலுக்கி உருண்டையாக்கி, சூடான தட்டுல வறுத்து வெயில்ல காய வெச்சா அது ஜவ்வரிசி (வடிகட்டுனதுல மிஞ்சற திப்பி மாட்டுத் தீவனத்துக்கு போயிடும்). வறுக்காம ஆவில வேக வெச்சு காய வெச்சா நைலான் ஜவ்வரிசி. இதுல எந்த எடத்துலயும் வெளுக்கற கெமிக்கலுக்கு வேலையே இல்ல. நம்ம சரக்கு நெறைய போறது மகாராஷ்டிரா, குஜராத் பக்கம், அங்க விரத நாள்ல சாபுதானா (ஜவ்வரிசி தான்) கிச்சடி இல்லாம ஆகாது, வெள்ளையா இருந்தா நல்ல வெலைனு ஆனதும் சில எடத்துல பிளீச் பண்ண கெமிக்கல் போடறாங்க, மக்காச்சோள மாவையும் கலக்கறாங்க, அதிகாரிங்க ரெய்டு போயி மூட்டை மூட்டையா பறிமுதல் பண்ண செய்தி நம்ம ஊர் பேப்பர்ல வந்துட்டு தான் இருக்கு.

சட்டப்படி ஜவ்வரிசினா மரவள்ளி மாவுலயோ சேகோ பனைங்கற மரத்தோட தண்டு மாவுலயோ செஞ்சதா மட்டும் தான் இருக்கணும். வெளுக்கப் போடற சல்ஃபர் டை ஆக்சைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) தாண்டக் கூடாது, எரிச்சா மிஞ்சற சாம்பல் 0.4 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. இந்த சாம்பல் விஷயத்த மட்டும் வீட்லயே ஓரளவு பாக்கலாம், பழைய கரண்டில கொஞ்சம் போட்டு எரிச்சீங்கனா சுத்தமானது உப்பி எரிஞ்சு சாம்பலே இல்லாத அளவுக்கு போயிடும், மணலோ டால்க் பவுடரோ கலந்திருந்தா சாம்பல் நல்லா தங்கும். பிளீச் பண்ணத இப்படி கண்டுபிடிக்க முடியாது, அதுக்கு லேப் தான்.

அந்த பனை ஜவ்வரிசி தான் முன்னாடி மலேயா, சிங்கப்பூர்ல இருந்து கப்பல்ல வந்துட்டிருந்துச்சு, ரெண்டாம் உலகப்போர்ல அது நின்னு போனப்ப தான் சேலத்துல கிழங்குல செய்ய ஆரம்பிச்சாங்க. 1981ல சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்துச்சு, 2023ல சேலம் ஜவ்வரிசிக்கு புவிசார் குறியீடே கெடச்சிருச்சு. இவ்ளோ பேர் வாங்குன பொருள் மேல கெமிக்கல் ஊத்தறத நாம சும்மா விடலாமா?

பச்சைக் கிழங்கு வாங்கறவங்களுக்கு வேற ஒரு விஷயம் இருக்கு. குச்சிக்கிழங்குல லினமாரின்னு ஒண்ணு இருக்கு, கிழங்க வெட்டி நசுக்குனா அதுல இருந்து சயனைடு வரும். மரவள்ளி தழைய மேஞ்சு ஆடு செத்துப் போறது நம்ம பக்கத்து விவசாயிங்க எல்லாருக்கும் தெரிஞ்சது தான். பயந்து சாப்பிடாம இருக்க வேணாம், சதைய விட தோல்ல தான் அது ஜாஸ்தி, அதனால மேல்தோலோட உள்ள இருக்கற தடிச்ச தோலையும் சேத்து உரிச்சிடுங்க, சின்னச் சின்னதா வெட்டி நெறைய தண்ணி ஊத்தி மூடி போடாம வேக வைங்க, ஆவியோட கொஞ்சம் போயிடும், மிச்சம் தண்ணில எறங்கிடும், அந்த தண்ணிய கொழம்புக்கு ஊத்தாம கொட்டிடுங்க. குக்கர்ல மூடி வெக்கறது எனக்கு பிடிக்காததுக்கு காரணமே இது தான். கசந்துச்சுனா ருசி பாத்துட்டே திங்காதீங்க, தூக்கிப் போடுங்க. மில்லுக்கு போற ரகம் வேற சாப்பாட்டு ரகம் வேற, சிப்ஸ் போடறவங்க இத கேட்டு வாங்கறது ரொம்ப முக்கியம், ஏன்னா பச்சையா சீவி எண்ணெய்ல போடறப்ப தண்ணில வேகறப்ப போற அளவுக்கு அது போகாது.

தோண்டி ரெண்டு மூணு நாள் ஆனாலே உள்ள நீலமும் கறுப்புமா கோடு விழ ஆரம்பிச்சிடும், அதனால வாங்கும்போது ஒண்ண ஒடைச்சுக் காட்டச் சொல்லுங்க, உள்ள சுத்த வெள்ளையா இருக்கணும். ஆமாங்க, வெள்ளை பாத்து வாங்க வேண்டியது கிழங்குல தான்.