எங்கள் அப்பளக் கம்பெனிக்கு வெளி ஆலோசகர் தேர்ந்தெடுத்த அனுபவம்

கல்லிடைக்குறிச்சியில் எங்களுக்கு அப்பளத் தொழில். அப்பா காலத்து பார்ட்னர்ஷிப், இப்போது சித்தப்பா, அண்ணன், நான் என்று மூன்று பேர். கல்யாண சீசனில் தவசிப்பிள்ளைகள் (கல்யாணச் சமையல்காரர்கள்) நேரடியாக வந்து வாங்குவது, பலசரக்குக் கடைகள், வெளியூர் ஏஜென்சிகள் என்று ஓடிக்கொண்டிருந்தபோது, நிறைய கிளைகள் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்காரர்கள் அவர்கள் பெயரில் பாக்கெட் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார்கள். அவர்கள் கேட்கிற அளவுக்கு வெயிலை மட்டும் நம்பிக் காயப்போட முடியாது, டிரையர் வேண்டும், டிரையர் என்றால் பேங்க் கடன். அண்ணன் போடலாம் என்றான், சித்தப்பா வேண்டாம் என்றார். ஐப்பசி, கார்த்திகை மழையையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் இரண்டு பேருமே அவரவர் பக்கத்துக்குச் சாட்சியாக இழுத்தார்கள். வீட்டுக்குள் இது முடிவாகாது, தொழில் தெரிந்த வெளியாள் ஒருவரிடம் கேட்போம் என்று நான் சொன்னேன். அதற்கு மட்டும் இரண்டு பேரும் சரி என்றார்கள்.

ஆள் தேடுவதற்கு முன்னால் எங்கள் கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். இதைச் செய்யாமல் யாரையும் கூப்பிடாதீர்கள். "தொழிலை வளர்க்கணும்" என்று பொதுவாகச் சொன்னால் வருகிறவர் தன்னிடம் இருப்பதைத்தான் விற்பார். நாங்கள் எழுதியது இதுதான்: கடன் வாங்கி டிரையர் போட்டு அடுத்தவர் பெயரில் சரக்குப் போடுவதா, இல்லை அதே பணத்தை நம் பெயரில் இருக்கிற சரக்குக்குப் போடுவதா, மூன்று வருஷம் கழித்து எது கையில் நிற்கும்?

மூன்று இடங்களில் பேசினோம். முதலாவது சென்னையில் ஒரு நிறுவனம். மூத்தவர் ஒருவரே நேரில் வந்தார், நன்றாகப் பேசினார், திரையில் படம் படமாகக் காட்டினார். எல்லாம் முடிந்ததும் சித்தப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: "அண்ணாச்சி, இவ்வளவும் நீங்க சொல்லுதிய, சரி. வேலைக்கு நீங்க வருவியளா, இல்ல வேற ஆள அனுப்புவியளா?" வேலையை ஒரு டீம் பார்க்கும், அவர் மாதம் ஒரு முறை பேசுவார் என்று பதில் வந்தது. அந்த டீமில் இருக்கிறவர்களோடு பேச வேண்டும் என்று கேட்டோம், ஒப்பந்தம் போட்ட பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதோடு விட்டுவிட்டோம். பேச வருகிறவரும் வேலை செய்கிறவரும் ஒரே ஆளா என்பதுதான் இந்த விஷயத்தில் எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி என்று நான் இப்போதும் சொல்வேன்.

இரண்டாமவர் திருநெல்வேலியிலேயே இருப்பவர். ஆலோசனைக்குப் பணமே வேண்டாம், கடன் கிடைத்தால் அதில் ஒரு சதவீதம் கொடுங்கள் என்றார். கடன் வாங்கினால்தான் அவருக்கு வருமானம் என்கிறபோது, கடன் வாங்கலாமா வேண்டாமா என்று அவரிடம் எப்படிக் கேட்பது?

மூன்றாமவர் மதுரைக்காரர், உணவுப்பொருள் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்ததும் ஆபீஸில் உட்காரவில்லை. அப்பளம் காய்கிற இடத்துக்குப் போனார், அனுப்பத் தயாராக இருந்த ஒரு அட்டைப் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, அடியில் இருந்த பாக்கெட்டுகளை எடுத்து உடைசல் எத்தனை என்று பார்த்தார். அப்புறம் ரிட்டன் நோட்டை, அதாவது திரும்பி வந்த சரக்கை எழுதிவைக்கிற நோட்டை, கேட்டார். விற்பனைக் கணக்கை எல்லோரும் கேட்பார்கள், ரிட்டன் நோட்டைக் கேட்டது அவர் ஒருவர்தான்.

அவரையும் உடனே பிடித்துக்கொள்ளவில்லை. அப்பளத்தில் வேறு யாருக்காவது வேலை செய்கிறீர்களா என்று நேராகக் கேட்டோம். மசாலா கம்பெனி ஒன்று இருக்கிறது, அப்பளம் இல்லை என்றார். பழைய வாடிக்கையாளர்களின் நம்பர் கேட்டபோது, இவரோடு ஒத்துப்போகாமல் விலகிய ஒருவருடைய நம்பரையும் சேர்த்துக் கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தார். அந்த மனிதர் சொன்னது: "எழுதிக் கொடுக்கிறதுல தாமதம் பண்ணுவாரு. ஆனா எங்க பொருள் ஒண்ண நிறுத்தச் சொன்னாரு, எங்களுக்கு மனசு வரல, அதுலதான் பிரிஞ்சோம்." பாராட்டிப் பேசிய மற்றவர்களைவிட இவர் பேச்சுதான் எங்களுக்கு உபயோகமாக இருந்தது. காலதாமதத்துக்கு ஒப்பந்தத்திலேயே தேதி போட்டுக்கொண்டோம்.

முழு ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒரு சின்ன வேலையைக் காசு கொடுத்தே கொடுத்தோம். இலவசமாகச் செய்யச் சொன்னால் அக்கறையும் அந்த அளவில்தான் இருக்கும். போன வருஷத்து பில்களை வைத்து, எந்த வழியில் விற்றதில் உடைசல், ரிட்டன், பணம் வரக் காத்திருக்கிற கடன் நாள் எல்லாம் போக எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்துத் தரச் சொன்னோம். கைக்காசு கொடுத்து வாங்கி, திருப்பியும் அனுப்பாத தவசிப்பிள்ளைகள் வியாபாரம்தான் பெட்டிக்குப் பெட்டி அதிகம் மிஞ்சுகிறது என்று வந்தது. சித்தப்பாவுக்கு அது சந்தோஷம், ஆனால் அந்த வியாபாரம் முகூர்த்த மாதங்களோடு நின்றுபோகும் என்பதையும் அதே தாளில் எழுதியிருந்தார், அது அண்ணனுக்கு.

சூப்பர் மார்க்கெட்காரர்கள் கொடுத்த ஒப்பந்த வரைவில் 60 நாள் கடன், அதாவது சரக்கு வாங்கி 60 நாள் கழித்துப் பணம், என்று இருந்ததையும் அவர்தான் பிடித்தார். உத்யம் என்கிற மத்திய அரசின் தொழில் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் எப்படி ஒப்புக்கொண்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது சட்டம். 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை வாங்குகிறவர் அந்த வருஷச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்டவும் முடியாது, பணம் கொடுத்த வருஷத்தில்தான் காட்டலாம். இதைச் சொல்லிக் கேட்டதும் 45 ஆக மாற்றிக் கொடுத்தார்கள்.

கட்டணம் பேசும்போது ஜிஎஸ்டியை மறக்காதீர்கள். அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் ஆலோசகர் பில்லில் வருகிற 18 சதவீதத்தை நாம் கிரெடிட் எடுக்க, அதாவது நம் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள, முடியாது. ஒரு லட்சம் என்று பேசினால் நமக்குச் செலவு 1,18,000. அதில் டிடிஎஸ், அதாவது அவருடைய வருமான வரிக்காக நாம் முன்கூட்டியே பிடிக்கிற தொகை, 10,000 பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டு அவருக்கு 1,08,000 கொடுக்க வேண்டும். இதையெல்லாம் ஆடிட்டரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் தொகையை ஒப்புக்கொண்டோம்.

ஒப்பந்தத்தில் நாங்கள் விடாப்பிடியாக நின்றவை சில. வேலை செய்கிறவர் அவரேதான், ஆள் மாற்றக் கூடாது. எங்களோடு இருக்கும்வரையும் அதன்பிறகு ஒரு வருஷமும் வேறு அப்பளக் கம்பெனிக்கு வேலை செய்யக் கூடாது. யார் வேண்டுமானாலும் ஒரு மாத நோட்டீஸில் விலகலாம். கணக்கு எல்லாம் காட்டுவோம், பெருங்காயமும் அப்பளக்காரமும் சேர்க்கிற அளவை மட்டும் காட்ட மாட்டோம். கடைசி ஒன்றைக் கேட்டதும், அது தனக்குத் தேவையும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

டிரையர் விஷயம் இன்னும் முடியவில்லை. சூப்பர் மார்க்கெட்டுக்கு முதலில் குறைந்த அளவு அனுப்பிப் பார்த்து, தை முகூர்த்தம் முடிந்ததும் மூன்று பேரும் அவரோடு உட்கார்வதாக இருக்கிறோம். அதுவரை பேங்க் பக்கம் போவதில்லை என்று அண்ணனும் சம்மதித்திருக்கிறான்.