எட்டா, ஒன்பதா

மார்ச் 28, 2022

‘கொழும்பு’ என்னும் சொல்லில் கணினி எண்ணுவது 8 குறிகளா, 9 குறிகளா என்ற கேள்வியோடு இன்றைய நாளும் கழிந்தது. பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டெழுதிய கோப்புகளை, இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோடுக்கு மாற்றும் என் நிரலுடன், அந்த ஊர்ப்பெயரைத் தாங்கிய மாதிரிக் கோப்பொன்றும் போகிறது. என் கணினியில் சோதனைகள் எல்லாம் தேறுகின்றன. நிரல் வேலை செய்யவில்லையென்று முறையிட்ட ஒருவரின் பழைய மக் கணினியிலோ அப்படியொரு கோப்பே இல்லையென்கிறதாம் நிரல். அதே கோப்பு திரையில் தெரிவதைப் படம் பிடித்தும் அனுப்பியிருக்கிறார்.

மார்ச் 29

மின்வெட்டு, பிறகு வெக்கை, பிறகு மறுபடியும் மின்வெட்டு.

மார்ச் 30

10 மணிநேரம் என்று அறிவித்திருந்தார்கள். யு.பி.எஸ்ஸில் மிஞ்சியிருந்ததை அம்மாவின் நெபுலைசருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன்; ஆயினும் மாலையில், ஒரேயொரு தடவை சோதனைகளை ஓட்டிப் பார்த்துவிடலாமென்று மடிக்கணினியை அதில் செருகினேன். 7 மணிக்கு அம்மாவுக்கு முட்டு இழுக்கத் தொடங்கியபோது யு.பி.எஸ். கூவி ஓய்ந்தது. மேல்வீட்டு அன்ரி தம் இன்வேட்டரிலிருந்து நீண்ட வயரொன்றை யன்னல் வழியாக இறக்கித் தந்தார். அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 31

13 மணிநேரம். லாம்பு வெளிச்சத்தில், கணினியே இல்லாமல், கொப்பியில் எழுத்தெழுத்தாகப் பிரித்து எழுதியபோதுதான் காரணம் பிடிபட்டது. ‘கொ’வில் வரும் ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் இடலாம், கொம்பையும் அரவையும் தனித்தனியே வைத்தும் இடலாம், யுனிகோடு இரண்டையும் சமமென்றே கொள்கிறது, கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால், பழைய மக் கணினிகளின் எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமிக்கிறது. நான் 8 குறிகளை, அதாவது யுனிகோடைச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் 24 பைட்டுகளைத் தேடுகிறேன். அங்கே இருப்பவையோ 9 குறிகள், 27 பைட்டுகள். மூன்று வாரங்களாக அந்த மனிதரின் கணினியில்தான் பிழை என்று வாதாடியிருக்கிறேன்.

ஜனாதிபதியின் வீடிருக்கும் மிரிஹானவில் சனம் திரண்டுவிட்டதென்று அன்ரி மாடியிலிருந்து சொன்னார். மருந்துக் குப்பிகள் 6 இருக்கின்றன.

ஏப்ரல் 1

நிரலின் இணைய முகவரியைப் புதுப்பிக்க 12 டொலர் வேண்டும். மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர் இப்போது 300ஐ நெருங்குகிறது. ‘எங்கள் வேலை முழுவதும் உங்களால் நின்றுபோயிருக்கிறது’ என்று ஒரு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. அவர்கள் இதுவரை ஒரு சதமும் தந்ததில்லை. தரவேண்டுமென்று உரிமத்திலும் நான் எழுதவில்லை. பதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அனுப்பாமல் விட்டேன்.

ஏப்ரல் 3

ஊரடங்கு. வட்ஸ்அப், பேஸ்புக் எல்லாம் முடக்கம். நிரற்களஞ்சியம் மட்டும் எவர் கண்ணிலும் படவில்லை போலும், வழமைபோலத் திறந்தது. ஒப்பிடுமுன் இரண்டு பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும் ஒற்றை வரியை ஏற்றினேன். மக்காரர் ஒரு மணிநேரத்தில் ‘சரியாகிவிட்டது, நன்றி’ என்று எழுதி, கீழேயே அடுத்த முறைப்பாட்டையும் வைத்தார்: ‘தெளிவு’ என்பது ‘தௌிவு’ என மாறுகிறதாம்.

குப்பிகள் 4.

ஏப்ரல் 4

இது என் பிழைதான். பாமினியில் ஔகாரக் குறியின் வாலுக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. முன்னால் கொம்பையும் பின்னால் ளகரத்தையும் கண்டால் ஔகாரமென்று என் நிரல் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்கிறது. ளகரத்தின் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடாதே என்று விதி எழுதினேன், தெளிவு தெளிவாயிற்று. ‘மௌனம்’ மாறாமல் நின்றது. பிறகு ஒரு கோவில் மலரின் பழைய கோப்பைப் போட்டுப் பார்த்தேன்: தேர் ‘மெள மெள’ நகர்ந்தது என்றிருந்த இடத்தில், தேர் ‘மௌ மௌ’ நகர்ந்தது என்று வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பூனை இழுத்த தேரோ என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல்